மழையறியும் கண்ணாடியும் ஒளியறியும் கல்லும்

இடவப்பாதி மழையை அறியாதார் நம் காலனியில் இலர். தம்பானூரில் வெயில், கிழக்கேகோட்டையில் மழை. அத்தகைய நாளொன்றில் நண்பரின் புதிய காரில் சென்றோம். முதல் துளி விழுந்ததும் துடைப்பான் தானே அசைந்தது. வானம் இருண்டதும் விளக்குகள் தாமே எரிந்தன. இஃது எங்ஙனம் வந்தது என்று ஆராயப் புகுந்தோம்.

1938 பிப்ரவரி 20இல் சித்திரைத் திருநாள் மகாராஜா இந்நகரில் அரசுப் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தபோது, சால்ட்டர் துரையே முதல் பஸ்ஸை ஓட்டினார். அந்நாளில் மழையை அறிய ஓட்டுநரின் கண்ணன்றி வேறு கருவி இல்லை. துடைப்பானுக்கு மேரி ஆண்டர்சன் என்னும் அமெரிக்க அம்மையார் 1903இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதுவும் கையால் இயக்குவதே. 1951இல் ஜெனரல் மோட்டார்ஸார் செய்த 'லெ சாபர்' காரில், துளி பட்டதும் மேற்கூரை தானே மூடிக்கொள்ளும். அது காட்சிக்கு வந்ததேயன்றி விற்பனைக்கு வரவில்லை.

இக்காலத்துக் கருவி முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டிய சிறு பெட்டியே. அது கண்ணுக்குத் தோன்றாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடியினுள் சாய்வாகச் செலுத்துகிறது. கண்ணாடி உலர்ந்திருப்பின் ஒளி உள்ளேயே பிரதிபலித்துத் திரும்பும். நீர்த்துளி இருப்பின் அவ்வழியே ஒரு பகுதி வெளியேறிவிடும். பார்சல் கணக்குப் பார்க்கும் நமக்கு இஃது எளிதில் விளங்கியது: அனுப்பியது இவ்வளவு, வந்து சேர்ந்தது இவ்வளவு, குறைந்தது வழியில் போயிற்று! குறைவு மிகுந்தால் துடைப்பானும் விரையும்.

திரும்பும் ஒளியை அளக்க ஒரு 'கண்' வேண்டுமன்றோ? இங்கேதான் நம் நாட்டார் மறந்த செய்தி ஒன்று உண்டு. கலீனா என்னும் ஈயத்தாதுக் கல் மின்னலைகளையும் ஒளியையும் உணர்வதைக் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கண்டறிந்தார். காப்புரிமை பெறுவதில் அவருக்கு விருப்பமில்லை. சாரா புல் அம்மையார் முதலியோர் வற்புறுத்தவே 1901இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904 மார்ச் 29இல் 755840 என்னும் எண்ணுடன் அது கிடைத்தது. ஆயினும் அதனால் பொருளீட்ட அவர் முயலவில்லை. விட்டுவிட்டு அசையும் துடைப்பானைச் செய்த ராபர்ட் கேர்ன்ஸோ 1978இல் ஃபோர்டு கம்பெனி மீது வழக்குத் தொடுத்து, 1990இல் சுமார் ஒரு கோடி டாலர் பெற்றார். போஸின் பற்றின்மை பெரிதே. எனினும் உரிமையைக் காத்திருந்தால் அவர் பெயரேனும் நிலைத்திருக்குமே என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

காரிலுள்ள கருவி போஸின் கல்லிலிருந்து நேரே வந்தது என்று நாம் கூறோம். இன்று அவ்விடத்தில் இருப்பது சிலிக்கன். ஒளியை மின்சாரத்தால் அறியும் படிகத்திற்கு முற்காலத்திலேயே உரிமை பெற்றவர் ஓர் இந்தியர் என்பதே நாம் சொல்ல வந்தது.

"இதெல்லாம் வெளிநாட்டான் கண்டுபிடித்தது, மாமா" என்றான் பின்னிருக்கையில் இருந்த நண்பரின் மகன். கல்லின் கதையைக் கூறினோம். காப்புரிமை எண்ணை மறுமுறை கேட்டு எழுதிக்கொண்டான்.