'வேலை செய்யுது' என்றால் போதுமா? ஆப்களுக்கு நடக்கும் இன்னொரு பரீட்சை!

காலை 9.59. தீபாவளிக்கு ஊருக்குப் போக ஏ.சி. வகுப்பில் தட்கல் டிக்கெட் எடுக்க வேண்டும். பயணிகளின் பெயர், வயது எல்லாம் முன்கூட்டியே ஏற்றியாச்சு. கட்டை விரல் தயார். பத்து அடித்ததும் தட்டினால், திரையில் சக்கரம் சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நின்று பக்கம் திறக்கும்போது வெயிட்டிங் லிஸ்ட்!

இத்தனைக்கும் முந்தைய நாள் மதியம் அதே ஆப்பில் ரயில் தேடியபோது சட் சட்டென்று பக்கங்கள் வந்தன. ஒரே ராத்திரியில் என்ன ஆச்சு? 'நம்ம போன்தான் சரியில்லை' என்று நொந்துகொள்ளாதீர்கள். பெரும்பாலும் உங்கள் போன் மீது தப்பில்லை. ஒரு ஆப் 'வேலை செய்வது' வேறு. லட்சம் பேர் ஒன்றாக வந்து நிற்கும்போது 'தாக்குப்பிடிப்பது' வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பரீட்சைகள் உண்டு.

'எம் பொண்ணு ஐ.டி.யில டெஸ்டிங்ல இருக்கா' என்று சொல்கிற பெற்றோர் இன்று தெருவுக்கு நாலு பேர். அந்த டெஸ்டிங்கில் இரண்டு பெரிய பிரிவுகள். பட்டனைத் தட்டினால் டிக்கெட் பக்கம் திறக்கிறதா, கட்டணம் சரியாகக் கணக்காகிறதா என்று பார்ப்பது 'ஃபங்ஷனல் டெஸ்டிங்'. அந்த வேலையை எவ்வளவு வேகமாக, எத்தனை பேருக்கு, எத்தனை நாளைக்கு, எவ்வளவு பத்திரமாகச் செய்கிறது என்று பார்ப்பது 'நான்-ஃபங்ஷனல் டெஸ்டிங்'. நம் அன்றாடக் கடுப்புகளில் பல, இந்த இரண்டாவது பரீட்சையில் கோட்டை விட்டதால் வருபவை.

உப்பு சரி... பந்தி?

ஒரு கல்யாண வீட்டுச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரர் ஒரு கரண்டி சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி உப்பு பார்க்கிறார். சரியாக இருக்கிறது. இது ஃபங்ஷனல் டெஸ்ட்.

ஆனால், கல்யாணம் நல்லபடியாக முடிய அது மட்டும் போதாதே! 500 பேரை எதிர்பார்க்கிறோம், 500 இலைக்கும் தடையில்லாமல் பரிமாற முடியுமா? இது 'லோடு டெஸ்ட்'. 800 பேர் வந்துவிட்டால் எந்த இடத்தில் தடுமாறும்? சாதமா, இலையா, பரிமாறும் ஆளா? இது 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்'. தாலி கட்டி முடித்த அடுத்த நிமிடம் மொத்தக் கூட்டமும் சாப்பாட்டு ஹாலுக்குள் பாய்ந்தால்? இது 'ஸ்பைக் டெஸ்ட்'. தட்கல் பத்து மணி என்பது இந்த மூன்றாவது ரகம்.

மென்பொருளுக்கு இதை எப்படிச் செய்கிறார்கள்? ஜேமீட்டர், கே6 போன்ற கருவிகள் ஆயிரக்கணக்கான போலிப் பயனாளர்களை உருவாக்கி, நிஜ மனிதர்கள் போலவே லாகின் செய்ய, தேட, பணம் கட்ட வைக்கும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி ஆகிறது, எத்தனை முறை 'எரர்' வருகிறது என்று அளப்பார்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. 'சராசரியாக 2 நொடியில் பக்கம் திறக்கிறது' என்றால் கேட்க நன்றாக இருக்கும். 100 பேரில் 95 பேருக்கு ஒரு நொடி, மீதி 5 பேருக்கு 21 நொடி என்றாலும் சராசரி 2 நொடிதான். அந்த 5 பேர் கதி? அதனால்தான் விவரம் தெரிந்த டெஸ்டர்கள் சராசரியோடு நிறுத்தாமல், '100-ல் 95 பேருக்கு, 99 பேருக்கு எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தது' என்று கேட்பார்கள்.

நம் ரயில்வே கணக்கையே பார்ப்போம். 2025 மே 22 காலை 10 மணிக்கு, ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்கள் ஐ.ஆர்.சி.டி.சி.யில் பதிவாயின. அதுவரை இல்லாத சாதனை இது. அதாவது, நொடிக்கு 530 டிக்கெட்கள். முயன்று கிடைக்காமல் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. தட்கல் திறக்கும் முதல் 5 நிமிடங்களில் வரும் லாகின் முயற்சிகளில் 50 சதவிகிதம் வரை 'பாட்' எனும் தானியங்கி நிரல்களுடையவை என்றும் ரயில்வே சொன்னது. சொந்தக்காரர்களோடு, அழைப்பே இல்லாத ஒரு கூட்டமும் பந்தியில் புகுந்த கதைதான். அதன் பிறகுதான் 2025 ஜூலை 1 முதல், ஆன்லைனில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது.

முதல் நாளில் ஆறே பேர்!

கூட்டத்தைத் தப்புக்கணக்கு போட்டால் எவ்வளவு பெரிய அரசும் திணறும். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு எடுப்பதற்காக 2013 அக்டோபர் 1-ம் தேதி 'ஹெல்த்கேர்.கவ்' என்ற அரசு இணையதளம் தொடங்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மொய்த்தார்கள். தளம் படுத்துவிட்டது. முதல் நாளில் வெற்றிகரமாகக் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் வெறும் 6 பேர்!

இரவு பகலாகச் சரிசெய்தார்கள். இரண்டு மாதம் கழித்து அரசு வெளியிட்ட அறிக்கையில் இருந்த எண்கள் முக்கியமானவை. பக்கம் திறக்கும் நேரம் 8 நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் வந்தது. எரர் 6 சதவிகிதத்திலிருந்து ஒரு சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. ஒரே சமயத்தில் 50,000 பேரைத் தாங்கும் என்றார்கள். தொடங்குவதற்கு முன்பே நிர்ணயித்துச் சோதித்திருக்க வேண்டிய எண்கள் இவை. பாவம், அதற்கான பரீட்சையை எழுதியது காப்பீடு தேடி வந்த மக்கள்!

மூன்றாம் நாளும் கெடாமல்...

அடுத்தது ரிலையபிலிட்டி. முதல் பந்தி பிரமாதம். மூன்று நாள் கல்யாணத்தில் கடைசிப் பந்தி? மென்பொருளை மணிக்கணக்கில், நாள்கணக்கில் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்ப்பதை 'சோக் டெஸ்ட்' என்கிறார்கள். சில கோளாறுகள் பத்து நிமிடச் சோதனையில் தலைகாட்டவே காட்டாது.

இதற்குச் சொல்லப்படும் மிகத் துயரமான உதாரணம், வளைகுடாப் போர். 1991 பிப்ரவரி 25 அன்று, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்க ராணுவக் குடியிருப்பு மீது இராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். அதைத் தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு இயக்கத்தில்தான் இருந்தது. ஆனால், அது 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தைக் கணக்கிடுவதில் இருந்த ஒரு நுண்ணிய பிழை, மணிக்கு மணி கூடிக் கூடி ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. அந்தச் சிறு நேரத்துக்குள் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். அமைப்பு தேடிய இடம் ஒன்று, ஏவுகணை இருந்த இடம் வேறொன்று. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது, மறுநாள். நடுவில் ஒருமுறை அணைத்துவிட்டு மீண்டும் போட்டிருந்தாலே கடிகாரம் சரியாகியிருக்கும்.

விழவே கூடாது என்பது ஒரு பக்கம். விழுந்தால் எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பது இன்னொரு பக்கம். கரன்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று முகூர்த்த நேரத்திலா பார்ப்பீர்கள்? நெட்ஃப்ளிக்ஸ் இதற்காகவே 'கேயாஸ் மங்கி' என்றொரு நிரலை உருவாக்கியது. தன் சொந்த சர்வர்களில் ஒன்றை அது திடீரென்று அணைத்துவிடும், அதுவும் இன்ஜினீயர்கள் எல்லோரும் ஆபீஸில் இருக்கும் நேரத்தில். மற்ற சர்வர்கள் சமாளிக்கின்றனவா என்று பகலிலேயே தெரிந்துவிடும்.

கொல்லைப்புறக் கதவு

மூன்றாவது, செக்யூரிட்டி. முன்வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கிறோம். நகை இருக்கும் அறையின் பின்கதவு பூட்டியிருக்கிறதா?

அமெரிக்காவின் 'ஃபர்ஸ்ட் அமெரிக்கன்' என்ற சொத்து ஆவணக் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில், வீடு வாங்கியவர்களின் ஆவணங்களுக்குத் தனித்தனி லிங்க் இருந்தது. லிங்க்கின் கடைசியில் ஓர் எண். அதில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ போட்டால் அடுத்தவரின் ஆவணம் திறந்தது, லாகின்கூடத் தேவைப்படவில்லை. 2019 மே மாதம் இது வெளிச்சத்துக்கு வந்தபோது, இப்படித் திறந்து கிடந்தவை சுமார் 88.5 கோடி ஆவணங்கள். வங்கிக் கணக்கு எண்களும் அவற்றில் அடக்கம்.

கவனியுங்கள், அந்தத் தளம் 'வேலை செய்யாமல்' இல்லை. கேட்ட ஆவணத்தைச் சரியாகத்தான் கொடுத்தது. கேட்பவர் யார் என்று மட்டும் கேட்கவில்லை. ஃபங்ஷனல் டெஸ்டில் இது பாஸ் ஆகிவிடும். திருடன் மாதிரி யோசித்து, எண்ணை மாற்றிப் பார்க்கிற ஒருவர் வேண்டும். நிறுவனத்தின் அனுமதியோடு அப்படி உடைத்துப் பார்ப்பதுதான் 'பெனட்ரேஷன் டெஸ்டிங்'.

ஏன் தவறுகிறது?

இதெல்லாம் கம்பெனிகளுக்குத் தெரியாதா? தெரியும். ஐ.எஸ்.ஓ. 25010 என்ற சர்வதேசத் தர நிர்ணயத்தின் 2023 பதிப்பு, மென்பொருளின் தரத்தை ஒன்பது குணங்களாகப் பிரிக்கிறது. அவற்றில் 'கேட்ட வேலையைச் செய்கிறதா' என்பது ஒன்றுதான்.

சிக்கல் எங்கே என்றால், 'டிக்கெட் பட்டன் வேண்டும்' என்று எழுதுவது எளிது. 'வேகமாக இருக்கணும்' என்று எழுதினால் அதைச் சோதிக்க முடியாது. 'ஒரே நேரத்தில் 50,000 பேர் இருந்தாலும், 100-ல் 95 பேருக்கு 2 நொடிக்குள் திறக்க வேண்டும்' என்று எழுதினால்தான் பாஸா ஃபெயிலா சொல்லலாம். எண் இல்லாத வாக்குறுதி, வரிசையில் கடைசிக்குப் போகும். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது கடைசியில் இருப்பதுதான் முதலில் வெட்டுப்படும்.

'99.9 சதவிகித நேரம் இயங்கும்' என்ற விளம்பரத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதி 0.1 சதவிகிதம் என்பது வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம். அது நடுராத்திரியில் போனால் யாருக்கும் தெரியாது. அட்மிஷனுக்குக் கடைசி நாளில் போனால்?

நாம் என்ன செய்யலாம்?

* பணம் கட்டும்போது சக்கரம் சுற்றினால், பட்டனை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கையும் ஆப்பில் உள்ள புக்கிங் பட்டியலையும் பாருங்கள். இரண்டு முறை பணம் போகும் வாய்ப்பு உண்டு.

* யு.பி.ஐ.யில் உங்கள் பணம் கழிந்து, எதிராளி கணக்கில் ஏறவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வர வேண்டும். கடைக்குக் கட்டிய பணம் என்றால் 5 நாள்களுக்குள். தாமதித்தால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு, நீங்கள் புகார் தராவிட்டாலும் தரப்பட வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை.

* வங்கியில் புகார் தந்து 30 நாள்களாகியும் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் ஆன்லைனில் முறையிடலாம். கட்டணம் இல்லை. ஸ்க்ரீன்ஷாட், பரிவர்த்தனை எண் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

* அரசு விண்ணப்பம், தேர்வுக் கட்டணம் எதையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். எல்லோரும் அந்த நாளுக்குத்தான் வைத்திருப்பார்கள்!

அப்புறம், உங்கள் வீட்டில் டெஸ்டிங்கில் இருக்கும் பிள்ளை 'ரிலீஸுக்கு இன்னும் ரெண்டு வாரம் வேணும்னு கேட்டேன், மேனேஜர் தரல' என்று புலம்பினால், கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் நடந்திருக்க வேண்டிய பரீட்சையைத்தான், அப்புறம் ஏதோ ஒரு ஊரில் யாரோ தன் டிக்கெட்டையும் பணத்தையும் வைத்து எழுதப்போகிறார்.