குளிர்காலத்தில் தொழிலாளர் மனநலம்: முதலாளிகளும் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டியவை

மார்கழிப் பனி இறங்கினாலும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் வேலை நிற்பதில்லை. பாக்குத் தோப்புகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் விடியும் முன்பே ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள். யானைக்குப் பயந்து இரவுக் காவல் இருப்பவர்கள் உண்டு. கோவை மில்களில் இரவு ஷிப்ட், பேக்கரிகளில் அதிகாலை வேலை. தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கித் தருகிறோம். உள்ளம் சோர்ந்தால் மட்டும் சோம்பல் என்றோ ஈமான் குறைவு என்றோ சொல்லிவிடுகிறோம்.

குளிர்தான் காரணமா?

குளிர்காலத்தில் வந்து, கோடையில் விலகும் ஒருவகை மனச்சோர்வை 1984இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவரது குழுவினரும் விவரித்தனர். பகல் வெளிச்சம் குறைவதே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. லண்டனில் டிசம்பர் மாதப் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. கோவையிலோ அப்போதும் சுமார் 11½ மணி நேரம் பகல் உண்டு.

ஆனால் அந்த வெளிச்சம் எல்லாத் தொழிலாளிக்கும் கிடைப்பதில்லை. இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் தூங்குகிறார். கடை ஊழியர் நாள் முழுதும் உள்ளேயே இருக்கிறார். தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்துவது காலை வெளிச்சம்தான். இதனுடன் குளிரில் கூடும் மூட்டுவலி, மழையில் போன கூலி, வடமாநிலத் தொழிலாளியின் தனிமை ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

அடையாளங்கள்

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோகம், தூக்கம் கெடுதல் அல்லது அளவுக்கு மீறிய தூக்கம், பசியில் மாற்றம், காரணமில்லாத எரிச்சல், யாரிடமும் பேசாமல் ஒதுங்குதல், வேலையில் கவனம் சிதறுதல். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

முதலாளிகள் செய்யக் கூடியவை

பணியாளர்கள் நம் சகோதரர்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது அபூதர் (ரலி) அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்த நபி (ஸல்) அவர்களின் போதனை. அதை இப்படிச் செயல்படுத்தலாம்:

- காலையில் 15 நிமிடமாவது வெயிலில் நிற்க இடைவேளை கொடுங்கள்.
- ஒரே ஆளைத் தொடர்ந்து இரவு ஷிப்டில் போடாதீர்கள்.
- கம்பளி, சூடான தேநீர், காற்றுப் புகாத தங்குமிடம் தாருங்கள்.
- கூலியை உரிய நாளில் கொடுங்கள். கடன் கவலை மனதை அரிக்கும்.
- கடை ஊழியர் உட்கார இருக்கை போடுங்கள். 2021ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத் திருத்தப்படி இது கட்டாயம்.
- ஊரில் உள்ள குடும்பத்தாரிடம் பேச அவருக்கு நேரம் கொடுங்கள்.

குடும்பத்தாருக்கு

அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, துயர ஆண்டு என்றே வரலாற்றில் குறிக்கப்படுகிறது. நபி (ஸல்) அவர்களுக்கே துயரம் வந்தது என்றால், துயரப்படுவதை ஈமான் குறைவு என்று எப்படிச் சொல்ல முடியும்? 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, உடல்நலத்துடன் உள்ள நலத்தையும் சேர்த்து ஒரே நூலில் எழுதினார்.

மறுபக்கம், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்தனர். துஆவும் தொழுகையும் மனதுக்கு வலிமை தரும். அவற்றுடன் மருத்துவமும் வேண்டும். நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்.

உதவி எங்கே?

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவது நம் உரிமை. தற்கொலைக்கு முயன்றவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அச்சட்டம் கருதுகிறது. எனவே வழக்குக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, நம் கடையிலோ தோட்டத்திலோ வேலை செய்யும் ஒருவரிடம், "தூக்கம் நல்லா வருதா?" என்று கேட்போம். பதிலைப் பொறுமையாகக் கேட்போம். அல்லாஹ் நம் அனைவரின் உள்ளங்களுக்கும் ஆறுதலைத் தருவானாக. ஆமீன்.