மாமனாரின் த்ரீ ஃபிஃப்டீன்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் மதுரையில் ஒரு காட்சியை இன்றும் பார்க்கலாம். நீளமான துணி உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வயதானவர்கள் சிலர் காவல் நிலையத்துக்கோ துப்பாக்கிக் கடைக்கோ வந்து இறங்குவார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். தேர்தல் முடிந்ததும் திரும்ப வந்து எடுத்துப் போவார்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு என் மாமனார் ஞாபகம் வந்துவிடும். அவரிடமும் ஒரு ரைபிள் இருந்தது. வத்தலக்குண்டு பக்கம் தோட்டம், தென்னை, கொஞ்சம் நஞ்சை வைத்திருந்த மனிதர்.

எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. ஆனால் அரசுப் பணியில் நான்கு வருடம் ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்த்த குமாஸ்தா நான். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை; அது 1985இல்தான். கொடைக்கானல், பெரியகுளம், நிலக்கோட்டை, எல்லாக் கோப்பும் மதுரைக்குத்தான் வரும். துப்பாக்கியைத் தொடாமலே அதைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். நம் சமவெளியில் ஒரு காலத்தில் துப்பாக்கி அபூர்வப் பொருளில்லை. பாளையக்காரர்களின் ஆட்கள் திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பர் 1ஆம் தேதி கம்பெனியின் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்சீமை மக்கள் ஆயுதங்களைக் கீழே வைக்க வேண்டும், கோட்டைகள் இடிக்கப்படும் என்பது அதன் சாரம். 1857 கலகத்துக்குப் பிறகு பயம் இன்னும் கூடியது. லிட்டன் பிரபு காலத்தில் 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம்! அதற்கு அடுத்த வருடமே, 1879இல், நீலகிரியில் வேட்டைப் பிராணிகளையும் மீனையும் காப்பாற்ற ஒரு சட்டம் போட்டார்கள். மான், வரையாடு எல்லாம் தீர்ந்துபோகும் அளவுக்குச் சுட்டுத் தள்ளியவர்கள் அவர்களேதான்.

பழனி மலையிலும் அதே கதைதான். கொடைக்கானலுக்கு அப்பால் பேரிஜம் ஏரிப் பக்கம் போனவர்களுக்கு டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரியின் பெயர் தெரிந்திருக்கும். மலைகளை அளந்து, படம் வரைந்து, வேட்டையும் ஆடியவர். அவருடைய வேட்டைக் குறிப்புகள் பின்னாளில் புத்தகமாகவே வந்தன. அவர் இளவயதில் கையாண்டது குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் ரகம். ஒரு தடவை சுட்டால் அடுத்த வெடிக்கு அரை நிமிடமாவது வேண்டும். அதற்குள் கடமான் அடுத்த மலைக்குப் போய்விடும்.

இந்தத் தொல்லையைத் தீர்த்ததுதான் போல்ட் ரைபிள். போல்ட் என்றால் வேறொன்றுமில்லை, தாழ்ப்பாள். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்து, தள்ளி, கீழே மடக்குகிறோம் அல்லவா, அதே வேலை. இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். மடக்கினால் பூட்டிக்கொள்ளும். பிரஷ்யாவில் டிரைஸே என்பவர் செய்த துப்பாக்கியை அந்நாட்டு ராணுவம் 1841இல் ஏற்றுக்கொண்டது முதல் இந்தத் தாழ்ப்பாள் வளர்ந்துகொண்டே வந்தது.

இங்கே என் பள்ளிக்கூட நாட்களைச் சொல்லியாக வேண்டும். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தெருவில் சைகோனிலிருந்து திரும்பி வந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் நாலைந்து பேர். அவர்கள் வாயில் 'லெபேல்' என்ற பெயர் அடிக்கடி வரும். பிரான்ஸ் 1886இல் கொண்டுவந்த லெபேல் ரைபிள்தான் புகையில்லா மருந்தைப் பயன்படுத்திய முதல் ராணுவத் துப்பாக்கி. எட்டு மில்லிமீட்டர் குண்டு. புகை மண்டலம் இல்லை என்பதால் சுட்டவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது என்று அந்தப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். "எட்டு மில்லி" என்ற சொல் அப்போதே என் காதில் தங்கிவிட்டது.

பிற்பாடு கோப்புகளில் ".315 போர்" என்று பார்த்தபோது அது என்ன கணக்கு என்று புரியவில்லை. நமக்கு அங்குலம் பழக்கமில்லை. ஒரு நாள் சும்மா 25.4ஆல் பெருக்கிப் பார்த்தேன். சரியாக எட்டு மில்லிமீட்டர்! பக்கத்து மேசைப் பெரியவர் அதற்கு விளக்கம் சொன்னார். ராணுவத்தின் ரைபிள் .303 லீ-என்ஃபீல்டு. அதே தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியிலும் பொருந்தினால், பட்டாளத்திலிருந்து களவு போகும் தோட்டாவுக்குச் சந்தை கிடைத்துவிடும். ஆகையால் சர்க்கார் ரகம் தனியாருக்குக் கூடாது. அதற்குப் பதில் ஆஸ்திரியாவின் மான்லிக்கர் எட்டு மில்லித் தோட்டாவை எடுத்துக்கொண்டு, லீ-என்ஃபீல்டு மாதிரியிலேயே ஒரு வேட்டை ரைபிள். நம் நாட்டில் அதைச் செய்தது வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் விதிகளிலும் .303 தடைசெய்யப்பட்ட வகையாகவே நின்றது. 1907 வாக்கில் .450 ரகத்தையும் இதே காரணத்துக்காகத் தடுத்தார்கள். உடனே லண்டன் கம்பெனிகள் .470 போன்ற புது அளவுகளைக் கண்டுபிடித்தன. சட்டம் ஒரு கதவைச் சாத்தினால் வியாபாரி இன்னொன்றைத் திறப்பான்.

சரி, மானுக்கு நல்ல ரைபிள் எது? வேட்டைக்காரர்கள் கூடினால் முடிவில்லாமல் நடந்த வாதம் அது. மாமனார் திண்ணையில் நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு கட்சி மௌசர் கட்சி. ஜெர்மனியின் 1898 மாதிரி மௌசரில் தாழ்ப்பாளின் முன்பக்கம், தோட்டா வெடிக்கும் இடத்திலேயே, இரண்டு பூட்டுப் பற்கள். பின்னால் ஆபத்துக்கு மூன்றாவது பல். கூட்டைக் கவ்வி இழுக்கும் நகமும் பெரிது. ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் புலியைச் சுட்டதற்காக 1907இல் பரிசளித்த .275 ரிக்பி, இந்த மௌசர் வழி வந்ததுதான். மறு கட்சி லீ-என்ஃபீல்டு கட்சி. அதில் பூட்டுப் பல் பின்பக்கம். மௌசர் அளவு இறுக்கம் இல்லை. ஆனால் தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு ஓடும், கை வேகமாக வேலை செய்யும்.

மிருகத்தையும் நிலத்தையும் வைத்தும் கணக்குப் பார்ப்பார்கள். கேளையாடு இருபது, இருபத்தைந்து கிலோ. புள்ளிமான் எழுபது, எண்பது. கடமான் கிடா இருநூறு கிலோவைத் தாண்டும். மேல்மலைப் புல்வெளியில் தூரமாகச் சுட வேண்டும். இலேசான, வேகமான குண்டு நேராகப் போகும். தாண்டிக்குடி, பன்றிமலைச் சரிவுப் புதரில் நூறு கஜத்துக்கு அப்பால் கண்ணே தெரியாது. அங்கே கனமான, மெதுவான குண்டு போதும். த்ரீ ஃபிஃப்டீனின் குண்டு 244 கிரெயின், ஏறக்குறைய பதினாறு கிராம். பழைய மாதிரிதான், ஆனால் நம் மலைச்சரிவுக்குப் பொருத்தம் என்று மாமனார் 1967இல் அதையே வாங்கினார். உரிமத்தில் அந்த வருடம் இருபது தோட்டா வாங்கியதாகக் கடைக்காரர் பதிந்திருந்தார்.

மறு வருடம் தை மாதம், வனத்துறைச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஒரு பளியர் பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மலைக்குப் போனார். அந்தி நேரம். எழுபது கஜத்தில் ஒரு கடமான் கிடா. முன்தொடைக்குப் பின்னால் குறி வைத்துச் சுட்டார். மான் துள்ளி ஓடிவிட்டது. குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது. இரண்டு நாள் இரத்தச் சுவட்டைப் பிடித்து அலைந்தார்கள். மூன்றாம் நாள் கழுகுகள் வட்டமிட்டதைப் பார்த்து ஓடைக்கு இறங்கினால், தண்ணீர் ஓரத்தில் கிடக்கிறது. செத்து வெகுநேரம் ஆகவில்லை என்று பளியர் சொன்னாராம்.

"ரெண்டு நாள் உசுரோட கெடந்திருக்கு, மாப்ள" என்பார் மாமனார். அந்த இடத்தில் குரல் இறங்கிவிடும். பிறகு, "மௌசரா இருந்திருந்தா அங்கயே விழுந்திருக்கும்" என்று முடிப்பார். திண்ணையில் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

உரிமப் பிரிவுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. புது ரைபிளின் குறிமுள் சரியாக இருக்கிறதா என்று தாளில் சுட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து கஜத்தில் ஓர் அங்குலம் விலகினால் எழுபத்தைந்து கஜத்தில் மூன்று அங்குலம். ஆனால் உரிமத்தில் வருடத்துக்கு இத்தனை தோட்டா என்று வரம்பு இருக்கிறது. அந்த எண்ணிக்கையும் கடையில் சரக்கு இருந்தால்தான். தோட்டாவைப் பொன்னாகப் பொத்தி வைத்தவர் எவர் தாளில் சுடுவார்? ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மாமா, காட்டுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி குறி பாத்தீங்களா?"

வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தோட்டா எங்க கெடக்கு மாப்ள, வீணாக்க?" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் அதற்குப் பிறகு மௌசர் பேச்சை எடுக்கவில்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மான் வேட்டைக்குக் கட்டுப்பாடு அத்தோடு கடுமையாயிற்று. சட்டம் வந்ததால் வேட்டையை விட்டவர்கள் உண்டு. என் மாமனார் அதற்கு நான்கு வருடம் முன்பே விட்டவர். ஆனாலும் ரைபிளுக்கு எண்ணெய் போடுவார், மூன்று வருடத்துக்கொருமுறை உரிமத்தைப் புதுப்பிப்பார். அவருடைய கோப்பு என் மேசைக்கு வந்தால் நான் தொடமாட்டேன். சொந்தக்காரர் என்று எழுதி அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுவேன்.

1984இல் அவர் காலமானார். மைத்துனர்களுக்கு ரைபிள் வேண்டாம் என்றார்கள். காரியங்கள் முடிந்து, துணி உறையைத் தூக்கிக்கொண்டு நானும் மூத்த மைத்துனரும் காவல் நிலையத்துக்குப் போனோம். எழுத்தர் ரைபிளின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். உரிமப் புத்தகத்தைப் புரட்டினார். 1967இல் இருபது தோட்டா. அதன் பிறகு ஒரு பதிவும் இல்லை. கொண்டுவந்த பெட்டியை மேசைமேல் கவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

ரசீது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ".315 ரைபிள் ஒன்று, தோட்டா பத்தொன்பது."