கேட்டமரான்

கேட்டமரான்: தமிழ்க் கடற்கரையின் கட்டுமரம் ஆங்கிலத்தில் பெற்ற வடிவம். நான்கு நூற்றாண்டுகளில் இச்சொல் மரங்களைப் பிணைத்த மிதவை, வெடிமருந்து நிரப்பிய பெட்டி, சண்டைக்கார முதியவள், கப்பலுக்கும் துறைச்சுவருக்கும் இடையே விடும் தெப்பம், பனியில் இழுக்கும் சறுக்குவண்டி, இரட்டை உடற்படகு என்று பல பொருள்களைச் சுமந்திருக்கிறது. இன்று ஆங்கிலம் பேசுவோரில் பெரும்பாலோர் அறிந்தது கடைசிப் பொருளை மட்டுமே.

மூலமான கலம், கனமில்லாத மரத்தண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் இறுகக் கட்டியது. ஆணி கிடையாது. மலைவேம்பு, வாகை இன மரங்கள் போன்றவை இதற்கு உகந்தவை. நடுத்தண்டு நீண்டும் சற்றுத் தாழ்ந்தும் இருக்க, ஓரத்தண்டுகள் அதை அணைத்து நிற்கும். மேலே ஏறும் அலைநீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடுவதால் இதை நீர் நிரப்பி மூழ்கடிக்க முடியாது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயவைப்பார்கள். ஊறிய மரம் கனத்துவிடும். ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போதும் கலம் புதிதாகக் கட்டப்படுகிறது.

சீரலைவாய் என்ற பழம்பெயரைக் கொண்ட திருச்செந்தூருக்குத் தெற்கே அமலிநகர், ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை, உவரி எனத் தொடரும் திறந்த கரைகளுக்கு இந்த அமைப்பு பொருந்தியது. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போகவும் திரும்பி வரவும் துறைமுகம் வேண்டாத கலம் அது. மீனவர் பேச்சில் அதற்கு வெறும் 'மரம்' என்றே பெயர், முன்தலை அணியம். முத்துக்குளிப்புக்கும் சங்குகுளிப்புக்கும் போனவை ஆட்களையும் கல்லையும் கயிற்றையும் ஏற்றக்கூடிய தோணிகளும் வள்ளங்களுமே. கட்டுமரம் மீன்பிடிக்கு உரியது. முத்துச்சிலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பில் வருவாய் இருந்ததால் போர்த்துக்கீசரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதைப் பற்றி ஏடு ஏடாக எழுதிவைத்தனர். அன்றாட மீனுக்குப் போன மரத்தை அவ்வாறு யாரும் பதிவு செய்யவில்லை. ஆகவே இச்சொல்லின் வரலாற்றில் முத்துக்கரையின் பங்கு ஓரிரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. அப்பங்கு சிறியது என்பதற்கு அது சான்றாகாது.

கலத்தின் தொன்மை பற்றிக் கருத்துகள் வேறுபடுகின்றன. சங்கப் பாடல்களில் பரதவர் ஊர்ந்து செல்லும் திமிலைக் கட்டுமரம் என்று கொள்வோர் உண்டு. படகு என்று கொள்வோரும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளஸ், இக்கரைகளில் மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் பெருங்கலத்தைக் குறிப்பிடுகிறது. அது கட்டுமரமா, இரட்டைத் தோணியா என்பதும் முடிவாகவில்லை. சோழரின் கடற்படை கட்டுமரங்களில் கீழைநாடுகளுக்குச் சென்றது என்று வெகுசன நூல்கள் சில எழுதுகின்றன. சான்று எதையும் அவை காட்டுவதில்லை.

ஐரோப்பிய எழுத்தில் இச்சொல்லின் முற்பட்ட வடிவங்களுள் ஒன்று இத்தாலிய மொழியில் கிடைக்கிறது. வெனிஸ் நகர நகை வணிகர் காஸ்பரோ பால்பி 1580-களில் சாந்தோமில் கண்ட ஏழு மரக் கலத்தை 'கத்தமெரோனி' என்று எழுதினார். எந்தத் தண்டு எங்கே அமைகிறது, ஆள் எங்கே உட்காருகிறான் என்பதுவரை குறித்திருக்கிறார். வந்த வேலை கற்களை எடைபோடுவது. ஆனாலும் மரத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்த பயணி அக்காலத்தில் அரிது. ஆங்கிலத்தில் 1670-களில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் ஃப்ரையர் இச்சொல்லை ஆண்டார். பரவலாக்கியவர் வில்லியம் டாம்பியர். 1697-இல் வெளியான பயண நூலில் தென் அமெரிக்கக் கரையின் மரத்தெப்பங்களை விவரிக்கும்போது, சோழமண்டலக் கரையின் சிறு மரங்களை ஒப்புக்காட்டி இப்பெயரைத் தந்தார். அதன்பின் எந்தக் கடலில் எந்த மிதவையைக் கண்டாலும் ஆங்கில மாலுமிகள் இப்பெயரால் அழைக்கத் தொடங்கினர். துறைமுகம் இல்லாத சென்னையில், நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதங்களைத் தலைக்குல்லாய்க்குள் நனையாமல் வைத்துக் கொண்டுசென்ற கட்டுமரக்காரர்கள் இப்பெயரை மேலும் நிலைநாட்டினர். கடைசி அசையை அழுத்திச் சொல்லும் ஆங்கில உச்சரிப்பு பிழையானது என்று 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி குறித்துள்ளது.

மிக விரிவான ஆவணங்கள் இருப்பது 1804, 1805 ஆண்டுகளுக்கே. இங்கிலாந்தின் மீது படையெடுக்க நெப்போலியன் பிரான்சின் பூலோன் துறையில் படகுகளைத் திரட்டியிருந்தார். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் முன்பு பிரான்சுக்காக நீர்மூழ்கி செய்தவர்; இப்போது 'பிரான்சிஸ்' என்ற புனைபெயரில் லண்டன் வந்து, பிரதமர் வில்லியம் பிட்டுடன் மாதம் 200 பவுண்டு ஊதியத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். அவர் திட்டப்படி செய்த வெடிபெட்டிகளையே கடற்படையினர் கேட்டமரான் என்றனர். பெரிய பெட்டி ஏறத்தாழ 21 அடி நீளம், மூன்றேகால் அடி அகலம். தடித்த பலகை, உள்ளே ஈயத் தகடு, வெளியே தார் பூசிய கித்தான். பாதிக்கு மேல் நீரில் அமிழ்ந்து, இருளில் மிதக்கும் மரத்தடி போலத் தெரியும். நாற்பது பீப்பாய் அளவுக்கு வெடிமருந்தும் ஒரு கடிகாரப் பொறியும் உள்ளே. முளையைப் பிடுங்கியதும் பொறி ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் வெடிக்கும். ஒரு முனையில் தக்கைகளால் மிதக்கவிட்ட கொக்கி, பகைவரின் நங்கூரக் கயிற்றில் மாட்டிக்கொள்வதற்கு. இவற்றோடு, இணையாக வைத்த இரு மரத்துண்டுகளுக்கு நடுவே ஓர் ஆள் நீர்மட்டத்தோடு அமர்ந்து துடுப்பு வலிக்கும் சிறு கலம் ஒன்றையும் அக்கால விவரணைகள் குறிப்பிடுகின்றன. இப்பெயர் அதிலிருந்து வந்ததா, பெட்டியின் தோற்றத்திலிருந்து வந்ததா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. சென்னைக் கரையைக் கண்ட மாலுமிகள் அன்றைய கடற்படையில் பலர். படைத்தலைவர் கீத் பிரபுவே இந்தியக் கடலில் பணியாற்றியவர். தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் மரத்துக்கு அவர்கள் வாயில் இந்தப் பெயர் வந்தது இயல்பே.

1804 அக்டோபர் 2 இரவு பூலோன் படகுகளின்மீது பெட்டிகள் ஏவப்பட்டன. ஓசையும் வெளிச்சமும் பெரிதாக இருந்தன. அழிந்தது ஒரு சிறு படகு. டிசம்பரில் கலேயின் கோட்டை ஒன்றின்மீது நடத்திய முயற்சியும் பலிக்கவில்லை. கடலை ஆளும் நாடு கடலாட்சியையே குலைக்கும் முறையை வளர்ப்பது மடமை என்று மூத்த கடற்படைத் தலைவர் செயின்ட் வின்சென்ட் பிரபு கருதினார். 1805 அக்டோபரில் வால்மர் அருகே டோரத்தியா என்ற கப்பலை ஃபுல்டன் சோதனையாகத் தகர்த்துக் காட்டினார். அதே மாதம் டிராஃபல்கர் கடற்போரில் பிரிட்டனுக்கு வெற்றியும் கிடைத்ததால் பெட்டிகளுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. மீன்பிடிக் கலத்தின் பெயர் கொலைக்கருவிக்குச் சூட்டப்பட்டது இந்த ஒரு கட்டத்தில்தான். நூல்களில் அதிக இடம் பிடித்ததும் இதுவே.

இக்காலத்துக்குள் ஏசல்சொல்லாகவும் இது கொச்சை அகராதிகளில் ஏறிவிட்டிருந்தது. ஃபிரான்சிஸ் குரோஸின் கொச்சைச்சொல் அகராதியினுடைய 1811 பதிப்பு, மெலிந்த கிழவியைக் குறிக்கும் சொல் என்று தந்து, கப்பல் உடைந்தோரைக் காக்கும் மிதவையிலிருந்து பிறந்ததாக விளக்குகிறது. பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முதல் அசையில் ஒலிப்பதே காரணம் என்பது மற்றொரு விளக்கம், இரண்டும் கலந்திருக்கலாம். கடற்படை அதிகாரியாயிருந்த ஃபிரடெரிக் மாரியட்டின் 'பீட்டர் சிம்பிள்' நாவலில் (1834) இவ்வழக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அருகிவிட்டது.

நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் இச்சொல் கடலை விட்டுக் காட்டுக்குள் சென்றது. அங்கே அது குளிர்காலத்தில் விறகும் மரமும் ஏற்ற நாய்களோ குதிரையோ இழுக்கும் சறுக்குவண்டி. முன்புறம் வளைந்த கட்டைகள் இரண்டு, நான்கு மூலையிலும் நிற்கும் கொம்பு. 1982-இல் வெளியான அத்தீவின் ஆங்கில அகராதி இதை விவரிக்கிறது. வெப்பக் கடலில் உப்பு பூத்த மரத்தின் பெயரை உறைபனியில் மரம் சுமக்கும் வண்டிக்கு எந்த மாலுமி கொண்டுசேர்த்தானோ, அவன் பெயர் அறியப்பட வேண்டியது. டாஸ்மேனியாவின் தென்கோடியிலும் இப்பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படைத் துறைகளில் கப்பலுக்கும் சுவருக்கும் இடையே விடும் தெப்பத்துக்கும் இதுவே பெயர்.

இரட்டை உடற்படகு என்ற பொருள் 1870-களில் உறுதிப்பட்டது. ரோட் ஐலண்டைச் சேர்ந்த நத்தானியல் ஹெரஷாஃப் 1876-இல் நியூயார்க் போட்டியில் தமது அமரில்லிஸ் படகால் வென்றார். எதிர்ப்பு எழுந்ததால் தகுதி நீக்கப்பட்டார். மறு ஆண்டு காப்புரிமை பெற்றார். இவ்வமைப்புக்கு முன்னோடி பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணி; பெயர் மட்டுமே தமிழ்க்கரையினது என்பது பரவலான கருத்து. தண்டுகளைப் பிணைத்து அகலத்தால் நிலைத்தன்மை பெறும் கருத்தே இங்கிருந்து போனது என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் விக்டர் செச்செட் மூவுடற்படகுக்கு 'டிரைமரான்' என்று பெயரிட்டார். தமிழின் மரம், ஆங்கிலத்தில் படகின் உடலைக் குறிக்கும் விகுதியாகிவிட்டது.

கலத்தைப் பற்றிய ஆய்வில் முதலிடம் ஜேம்ஸ் ஹார்னெலுக்கு. சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராயிருந்த அவர், 1920-இல் வெளியான ஆய்வில் கட்டுமரங்களை வட்டாரவாரியாகப் பிரித்தார். நாகப்பட்டினப் பகுதியில் பறக்கும் கோலாமீனுக்குப் போகும் பெரிய கோலாமரமும் அதில் உண்டு. உவரியில் பிறந்த ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இக்கரையின் மரத்து வாழ்வை நாவலாக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்தவற்றில் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. மரங்கள் வேகமாகக் குறைந்தன.

2024 பிப்ரவரி 28 அன்று ஹைட்ரஜன் எரிகலனால் இயங்கும் இந்தியாவின் முதல் உள்நாட்டு நீர்வழிப் படகு தூத்துக்குடி விழாவில் காணொலி வழியே தொடங்கிவைக்கப்பட்டது. கொச்சிக் கப்பல்தளம் கட்டிய அப்படகு 24 மீட்டர் நீளம், 50 பேர் பயணம் செய்யும் கேட்டமரான்.