கள்ளும் மகிழ்ச்சியும்: பழைய ஏடுகளில் இன்பச் சொற்கள்

பழைய தமிழ் ஏடுகளின் பெயர்களைப் பார்த்தாலே அக்கால வாசகர் எதனை விரும்பினர் என்பது ஓரளவு விளங்கும். 1915-இல் தோன்றியது ஆனந்தபோதினி; 1926-இல் ஆனந்த விகடன். இவற்றுக்கும் முற்பட்டது ஜனவிநோதினி. ஆனந்தம், விநோதம் போன்ற வடசொற்களே அன்று அச்சில் மதிப்புப் பெற்றவை. உள்ளே புரட்டினால் சந்தோஷம், உல்லாசம், குதூகலம் என வரிசை நீளும். நாடகக் கொட்டகையும் சினிமாவும் பெருகிய பிறகு, உருதுவின் வழியே வந்த தமாஷ், குஷி, மஜா ஆகியனவும் கூச்சமின்றி இடம்பிடித்தன. பண்டிதர்கள் முகஞ்சுளித்தனர், வாசகர் சுளிக்கவில்லை.

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் இவ்வரிசையைக் கலைத்தது. அடிகளே தம் ஞானசாகரம் இதழை அறிவுக்கடல் எனப் பெயர் மாற்றினார். நாளடைவில் சந்தோஷம் பின்வாங்க மகிழ்ச்சி முன்வந்தது. ஆனந்தம் இருந்த இடத்தில் இன்பமும் களிப்பும் அமர்ந்தன. 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசனும், 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அச்சுத் தமிழை மலாயாத் தோட்டங்கள்வரை கொண்டு சென்றன.

சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இரயில் பாதையில் உள்ள நீலாயைச் சூழ்ந்து அக்காலத்தில் ரப்பர்த் தோட்டங்களே இருந்தன. இத்தகைய தோட்டங்களில் பத்திரிகை வாங்குவோர் சிலர், கேட்போர் பலர். கிராணியோ பள்ளி ஆசிரியரோ உரக்கப் படிக்க, லயத்து மக்கள் சூழ்ந்திருந்து கேட்பதுண்டு. கேட்டவர்களின் நாளோ விடியுமுன் பெரட்டில் தொடங்கியது. ஏடுகள் ‘பொழுதுபோக்கு’ என்று தலைப்பிட்டு எழுதின. போக்குவதற்குப் பொழுது கையில் இருந்தால் அல்லவா! வேலை முடிந்தபின் அவர்களுக்கு எளிதில் எட்டிய இன்பம், அரசின் உரிமம் பெற்று நடந்த கள்ளுக்கடைதான்.

கள்ளைப் பற்றிச் சீர்திருத்த எழுத்து கடுமையாகவே பேசியது. உழைத்துப் பெற்ற கூலியில் ஒரு பங்கு கடைக்கே திரும்பிப் போயிற்று என்பதால் அக்கடுமைக்கு நியாயமும் இருந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கடைமுன் மறியல் செய்தனர். குடி, வெறி, மது அரக்கன் என்பவை அச்சுச் சொற்கள். லயத்திலோ அதன் பெயர் வெறும் ‘தண்ணி’.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. களிப்பு என்பது கள்ளோடு உறவுடைய சொல். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் குடித்தவனை வள்ளுவர் ‘களித்தான்’ என்றே குறிக்கிறார். மகிழ் என்பதற்கோ சங்கநூல் வழக்கில் கள்ளுண்டு பெறும் செருக்கு என்ற பொருளும், கள் என்ற பொருளும் உண்டு. 1281-ஆம் குறள் இவ்விரு சொற்களையும் அருகருகே வைக்கிறது. நினைத்த அளவிலே களிப்பதும் கண்ட அளவிலே மகிழ்வதும் காமத்துக்கு உண்டு, கள்ளுக்கு இல்லை என்பது அதன் கருத்து. கள் உண்டால்தானே அவ்விரண்டும் வரும்! ஒதுக்கப்பட்ட சந்தோஷத்துக்கோ மனநிறைவு என்பதே மூலப்பொருள். கள்ளைத் துரத்திய அதே ஏடுகள் நிறைவைக் குறித்த வடசொல்லை நீக்கிவிட்டு, கள்மணம் கமழ்ந்த தமிழ்ச் சொல்லை அரியணையேற்றின. மணம் எப்போதோ ஆறிப்போனதால் எவரும் கவனித்திலர்.

கூத்துக்கு நேர்ந்தது வேறு. சிலப்பதிகாரத்தில் பெருமையுடன் நின்ற சொல் அது. தோட்டங்களில் காமன் கூத்தும் ஆடப்பட்டது. ஆயினும் அச்சில் ‘கூத்தடித்தல்’ வசைச்சொல்லாயிற்று. மேடையேறியது ‘கலை நிகழ்ச்சி’. வேடிக்கை மட்டும் இரு தரப்பாரிடமும் செல்லுபடியாயிற்று. 1946-இல் மலாயாத் திரைப்படப் பிரிவு அமைந்தபின் திடலில் வெண்திரை கட்டிக் காட்டிய படங்களும், தீமிதித் திருவிழாவும் லயத்தாருக்கு ஒன்றுபோல் வேடிக்கைதான்.

நீலாய்த் தோட்டங்களில் பல இன்று குடியிருப்புகளாகவும் கல்லூரி வளாகங்களாகவும் மாறிவிட்டன. தமிழ் நேசன் 2019-இல் நின்றது. வாழ்த்துரைகளிலும் அழைப்பிதழ்களிலும் மகிழ்ச்சி நிலைத்துவிட்டது. வீட்டுப் பேச்சில் இன்னும் சந்தோஷம்தான்.