போனஸில் வளர்ந்த வீடு

ஸ்ரீராம்புரத்துப் பழைய வீடுகளை யாரும் ஒரே மூச்சில் கட்டி முடித்ததில்லை. முதலில் ஓர் அறை, பத்து வருஷம் கழித்துப் பின்னால் ஒரு சமையற்கட்டு, மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே இன்னோர் அறை என்று வளர்ந்தவை அவை. பழுது பார்க்க வருகிற மேஸ்திரிகள் முதலில் திட்டுவது இதைத்தான். தரை ஒரே மட்டத்தில் இருக்காது. மூலை மட்டம் எங்கேயும் சேராது. 15க்கு 40 மனைக்குள் நாலு விதமான கூரை இருக்கும். எங்கள் வீடும் அப்படித்தான். தாத்தாவின் தகரப் பெட்டியில் கிரயப் பத்திரத்தோடு மில் சம்பளச் சீட்டுகளும் பி.எஃப். கடிதங்களும் இருந்தன. எல்லாவற்றையும் வருஷ வரிசையில் அடுக்கிப் பார்த்தால் எந்தச் சுவர் எந்தப் பணத்தில் எழும்பியது என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பக்கத்துக்கு ஆட்களை இழுத்து வந்தவை பஞ்சாலைகள். மைசூர் ஸ்பின்னிங் அண்ட் மேனுஃபாக்சரிங் கம்பெனி 1884இல் மல்லேஸ்வரத்து ஓரத்தில் தொடங்கியது. ஊர் அதை ராஜா மில் என்றது. அதே காலத்தில் தொடங்கிய இன்னொரு ஆலை பின்னி கம்பெனியின் கைக்குப் போய் பின்னி மில் ஆனது. மாகடி ரோட்டுப் பக்கம் மினர்வா மில் பிறகு வந்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு மினர்வா மில் என்றால் 1980ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எங்களுக்கு அது விடியற்காலைச் சங்கு. 1898இல் பிளேக் வந்த பிறகு வளர்ந்த மல்லேஸ்வரத்தில் அகலமான தெருக்களும் தோட்டம் விட்ட மனைகளும் அமைந்தன. ரயில் பாதையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் மனை சுருங்கிவிடும். ஓகலிபுரம், ஸ்ரீராம்புரம் என்று சங்குச் சத்தம் எட்டுகிற தூரத்தில், வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரிப் பக்கமிருந்தும் வந்தவர்கள் தெலுங்குக்காரர்களோடும் கன்னடக்காரர்களோடும் சுவரைப் பொதுவாக வைத்துக் குடியேறினார்கள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் தாத்தாவுக்கு ராஜா மில்லில் நூற்புப் பிரிவில் வேலை. மனையைப் பதிவு செய்தது 1951இல்.

நான் இங்கே குடிவந்தது பாசத்தால் அல்ல, தண்ணீரால். அதற்கு முன் நகரின் தென்கிழக்கு ஓரத்தில் லிஃப்ட், ஜிம், நீச்சல் குளமெல்லாம் வைத்த புது ஃபிளாட்டில் இருந்தோம். 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் ஒன்று அது. வரி கட்டினோம், காவிரிக் குழாய் வரவில்லை. போர்வெல்லும் டேங்கரும்தான். 2024 மார்ச்சில் போர்வெல் வறண்டது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த அதே மாதம், எங்களுக்குக் கழுவவும் இல்லை, குடிக்கவும் இல்லை. டேங்கர்காரர் கேட்டதுதான் விலை. ஸ்ரீராம்புரத்தில் காவிரி முறை வைத்துத்தான் வரும், ஆனால் வரும். அந்த அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் திறந்து 110 கிராமங்களுக்கும் தண்ணீர் என்றார்கள். அதற்குள் நான் ஃபிளாட்டை விற்றுவிட்டேன்.

விற்றதற்கு இன்னொரு காரணம் போக்கியம். பெங்களூரில் வீட்டுக்காரர் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுப்பார்; காலி செய்யும்போது அந்தத் தொகையை அப்படியே திருப்பித் தரவேண்டும். லீஸ் என்றும் சொல்வார்கள். கையில் பணம் இல்லாத வீட்டுக்காரர் மகள் கல்யாணத்தை முடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. எங்கள் நைனாவும், அதாவது அப்பாவும், என் கல்யாணத்துக்கு அப்படித்தான் இந்த வீட்டைக் கொடுத்தார்; அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஃபிளாட் விற்ற பணம். வட்டி இல்லாத கடன் மாதிரி தோன்றும். வீட்டை மீட்கப் போகும்போதுதான் அதற்கான வட்டி சுவரில் தெரியும். குடியிருப்பவர் தனதில்லாத வீட்டுக்குச் செலவு செய்யமாட்டார்; உரிமையாளரிடம் பணமே இருக்காது. எங்கள் வீட்டு முன்னறையை இந்த ஏற்பாடுதான் கெடுத்தது.

அந்த அறைதான் 1951ஆம் வருஷத்து அசல். சைஸ் கல் அஸ்திவாரம். அதன் மேல் சூளைக்குப் போகாத மண் கல்லை மண் சாந்தில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசிய சுவர். மேலே மங்களூர் ஓடு. ஓட்டை இறக்கித் திருப்பினால் அடிப்பக்கத்தில் ஃபாக்டரியின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். 1865இல் மங்களூர் ஜெப்புவில் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் தொடங்கிய முதல் ஓட்டுத் தொழிற்சாலையின் வழியில் வந்த சரக்கு அது. ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்வதால் சாந்து வேண்டாம். உடைந்ததை மட்டும் உருவிவிட்டுப் புதிதைச் செருகலாம். ஒவ்வொரு மழைக்கு முன்னும் மேலே ஆள் ஏறவேண்டும் என்பதுதான் தொல்லை. அந்த வேலை போக்கியக் காலத்தில் நின்றுபோய், ரீப்பர் கட்டைகள் உளுத்துவிட்டன.

சுவருக்கு நடந்தது அதைவிட மோசம். காரை உதிர்ந்த இடத்தில் யாரோ சிமென்ட் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அது அதன் இயல்பு. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வெளியே காய்ந்துவிடும். சிமென்ட் வழியை அடைத்ததும் ஈரம் மேலே ஏறி, டைல்ஸ் முடிந்த உயரத்தில் உப்பாகப் பூத்தது. முதலில் வந்த ஒப்பந்தக்காரர் சுவரையே இடித்துவிடலாம் என்றார். அடுத்து வந்தவர் திருவண்ணாமலைக்காரர், வயதான கொத்தனார். சுவரில் விரல் மடக்கித் தட்டிக் கேட்டுவிட்டு, "யக்கா, சொவுரு நல்லாத்தான் கீது. மேல போட்டுக்கினு கீற சட்டதான் ஆவல. அத்த உரிச்சிட்டா மூச்சு வுட்டுக்கும்" என்றார்.

உரித்தோம். கோடை முழுக்க அதைக் காயவிட்டோம். சுண்ணாம்பை ஊறவைத்துச் சலித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்து அவர் பூசினார். சிமென்டில் ஒரே நாளில் முடிகிற பூச்சு இதில் ஒவ்வொரு கையாகக் காத்திருந்து ஏறியது. கூலி இரண்டு மடங்குக்கும் மேலே. அவருக்கு உதவிய இரண்டு இளைஞர்களும் காரை வேலையை அதுவரை பார்த்ததே இல்லை.

அந்த அறைக்குப் பின்னால் சமையற்கட்டு. அதன் கூரை கல் பலகை. இந்த ஊரைச் சுற்றியிருக்கும் பாறையை நெருப்பு மூட்டிச் சூடேற்றி, ஆப்பு வைத்துத் தகடாகப் பிளந்து கொண்டுவருவார்கள். மூங்கில் சாரமோ பலகை அடைப்போ வேண்டாம். இரண்டு சுவர்மேல் தூக்கி வைத்தால் கூரை. ஆனால் கல்லுக்கு அமுக்கத்தைத் தாங்குகிற பலம் வளைவைத் தாங்குவதில் கிடையாது. அதனால் பலகையின் நீளம்தான் அறையின் அகலத்தை முடிவு செய்யும். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ஆயுசு முழுக்கக் குறுகலான சமையற்கட்டில் பக்கவாட்டில் நடந்ததற்குக் குவாரிதான் பொறுப்பு. மாடுலர் கிச்சன் போடும் பையன் அளவெடுத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

நடு அறையின் ரெட் ஆக்சைடு தரை போனஸ் பணம். 1965இல் போனஸ் சட்டம் வந்தது; நஷ்டம் என்று கம்பெனி கணக்குக் காட்டினாலும் குறைந்தபட்சம் 4 சதவீதம் கொடுத்தாக வேண்டும் என்றது அப்போதைய சட்டம். சம்பளச் சீட்டுகளில் அதற்கடுத்த தீபாவளியைப் பார்த்தால் தொகை தெரிகிறது. துணிமணி போக மிச்சத்தில் மண் தரை சிவப்புத் தரை ஆனது. கலவை இறுகும் முன், மிகச் சரியான பதத்தில், கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கவேண்டும்; முந்தினாலும் பிந்தினாலும் தழும்பு விழும். இணைப்பே இல்லாத ஒரே பரப்பு. வெட்டினால் அதே நிறத்தில் ஒட்டுப்போட யாராலும் முடியாது. இது பின்னால் பெரிய சண்டையாகப் போகிறது.

வீட்டில் மீட்கத் தகாததும் ஒன்று இருந்தது. பின்பக்கச் சந்தில் திறக்கிற இரும்புக் கதவு, அதற்குள் பழைய எடுப்புக் கக்கூஸ். மனிதர்கள் வந்து மலத்தைக் கையால் அள்ளித் தலையில் சுமந்து போனார்கள். அவர்களில் பலர் எங்களைப் போலவே தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இதே பேட்டையில் இருந்தவர்கள். 1970களின் தொடக்கத்தில் தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த பி. பசவலிங்கப்பா தலைச்சுமையைத் தடைசெய்தார். பழைய வீடு என்றாலே கண்ணில் நீர் கட்டுகிற கட்டுரைகளில் இந்தக் கதவு வருவதில்லை. நான் அந்தக் கக்கூஸை மண் போட்டு மூடச் சொன்னேன்.

மாடி நைனாவின் காலம். அவரும் ராஜா மில்தான். 1974 சட்டத்தில் அந்த மில்லும் மினர்வாவும் அரசுடைமையாகி நேஷனல் டெக்ஸ்டைல் கார்ப்பரேஷனுக்குப் போயின. 1952ஆம் வருஷத்து பி.எஃப். சட்டம் முதலில் தொட்ட ஆறு தொழில்களில் பஞ்சாலையும் ஒன்று என்பதால், வீட்டுக்காக அதிலிருந்து எடுக்க வழி இருந்தது. பணம் இருந்தாலும் சிமென்ட் வேண்டுமே. 1982 வரை அது முழுக்கக் கட்டுப்பாட்டில் இருந்த சரக்கு, பர்மிட் வேண்டும். பாதி கட்டுப்பாடு அந்த வருஷம் தளர்ந்தது, மீதி 1989இல். எங்கள் தெருவில் மோல்டு, அதாவது கான்கிரீட், போட்ட கூரைகள் எல்லாம் இந்த ஏழு வருஷத்தில் முளைத்தவை. நைனா நடு அறைக்கு மேல் மோல்டு போட்டு ஓர் அறை கட்டினார். அதற்கும் மேலே எழுப்பப் பில்லர் கம்பிகளை நீட்டி விட்டார்.

அந்தக் கம்பிகள் இன்னும் நிற்கின்றன. 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது; டிசம்பரில் அது அரசிதழில் வந்ததும் பெங்களூரில் கலவரம். தமிழர்கள் இருந்த பேட்டைகள் தாக்கப்பட்டன. நைனா எங்களை ஓசூர் தாண்டி உறவினர் வீட்டில் விட்டார். திரும்பி வந்தபோது வீடு இருந்தது. மாடியில் அடுக்கியிருந்த கம்பியும் சிமென்ட் மூட்டைகளும் இல்லை. அதன் பிறகு அவர் ஒரு செங்கல் வாங்கவில்லை. காசு இல்லாமல் இல்லை. அந்தக் காவிரிதான், நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து அரை கிலோமீட்டர் உயரம் பம்பு செய்யப்பட்டு, இப்போது என்னை இங்கே திரும்பக் கூட்டிவந்திருக்கிறது.

மில் நிலம் கைமாறி, ராஜா மில் இருந்த இடத்தில் 2010இல் மந்திரி ஸ்கொயர் மால் வந்தது. பின்னி நிலத்தில் அடுக்குமாடிகள். கிர்லோஸ்கர் எலெக்ட்ரிக் இருந்த இடத்தில் பிரிகேட் கேட்வே. 2014இல் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ நின்றதும் எங்கள் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, 15 அடி அகலத்தில் ஐந்து மாடி பி.ஜி. விடுதிகளாக எழும்புகின்றன. தப்பு என்று சொல்லமாட்டேன். அந்த மாலில் நானும் செருப்பு வாங்கியிருக்கிறேன்.

இப்போது சண்டை சம்ப் பற்றி. முறை வைத்து வருகிற தண்ணீரைப் பிடித்துவைக்கத் தரையடியில் தொட்டி இல்லாமல் பெங்களூரில் குடித்தனம் நடக்காது. தாத்தா காலத்து அண்டாவும் சிமென்ட் தொட்டியும் போதாது. சுவரோரம் தோண்டினால் சைஸ் கல் அஸ்திவாரம் சரியும் என்கிறார் கொத்தனார். சுவர்களிலிருந்து போதுமான தூரம் விலகித் தோண்ட ஒரே இடம் நடு அறைதான், அதாவது சிவப்புத் தரை. மாடியில் ஓவர்ஹெட் டாங்க் மட்டும் பெரிதாக வைத்தால் போதும், பில்லர் கம்பி எதற்கு நிற்கிறது என்கிறான் தம்பி. அந்தத் துருப்பிடித்த கம்பி எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறோம். அவருடைய ஃபீஸை யார் கொடுப்பது என்று இன்னும் பேசவில்லை.