மிதிவண்டியும் தெருவும்

மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா முடிந்த மறுவாரம், காலைத் திருப்பலிக்குப் பின் நாம் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, இரு இளைஞர் மிதிவண்டிகளில் வந்து இறங்கினர். பருத்த டயர்கள்; மட்கார்டு இல்லை, காரியர் இல்லை, மணிகூட இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். பிறகு ஒருவர், "ஃபாதர், பஸ், லாரி தொந்தரவு இல்லாத மண் ரோடு இந்தப் பக்கம் எங்கே இருக்கு?" என்றார். தார்ச்சாலையை விட்டுச் சரளைக்கல் சாலையில் மிதிவண்டி ஓட்டுவது இப்போது ஒரு தனிப் பொழுதுபோக்காம். பணி நிமித்தமாக இத்தாலியில் இருந்த காலத்தில், மத்தியதரைக் கடலை ஒட்டிய தொஸ்கானாப் பகுதியில் அப்பழக்கம் தமக்குத் தொற்றியதாகச் சொன்னார். அங்குள்ள வெண்ணிறக் கப்பிச் சாலைகள் தாருக்கு இரையாகாமல் காக்கப்பட வேண்டுமென்றே 1997-இல் 'எரோய்க்கா' என்னும் மிதிவண்டி விழாவைத் தொடங்கினார்கள் என்பதை நாமும் வாசித்திருக்கிறோம். பழங்கால மிதிவண்டியில் பழங்கால உடையோடு அதில் கலந்துகொள்வார்கள்.

ரிஷிவந்தியம், தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் வழியைச் சொல்லி அனுப்பினோம். அவர்கள் போய்விட்டார்கள். 'தொந்தரவு இல்லாத ரோடு' என்ற சொல் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே மிதிவண்டியின் கதையைச் சற்றுப் புரட்டிப் பார்த்தோம்.

1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் செய்த வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தியே ஓட்டினர். இன்று நாம் காணும் வடிவம் இங்கிலாந்தில் 1885-இல் ஸ்டார்லி செய்த வண்டியிலிருந்து வந்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன்பின்தான் கல்லும் மேடும் நிறைந்த சாலையில் எலும்பு நோகாமல் போக முடிந்தது. நம் நாட்டுக்கு ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் கப்பலில் வந்தன. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் நிறுவப்பட்ட பிறகே தமிழ்நாட்டிலேயே செய்த வண்டி கிடைத்தது. அதுவும் உடனே எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. மணியக்காரர், ஆசிரியர், தபால்காரர் ஆகியோருக்குப் பிறகு, வெகுகாலம் கழித்தே அது கூலி வேலை செய்வோரின் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. எமது சிறுவயதில் வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்து, குரங்குப் பெடல் போட்டு முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர்கள் இதை வாசிப்போரில் பலர் இருப்பீர்கள்.

மறைப்பணிக்கும் வாகனத்துக்கும் உள்ள உறவு மிதிவண்டிக்கு முந்தியது. 1606-இல் மதுரை வந்த தெ நோபிலி அடிகளார் உயர்குலத் துறவியின் கோலம் பூண்டார். அக்கோலத்தில் இருந்தவரால் சேரி மக்களோடு வெளிப்படையாகப் பழக இயலவில்லை. ஆகவே 1640-ஆம் ஆண்டளவில் பண்டாரசுவாமிகள் என்று வேறொரு வகைத் துறவியரை இயேசு சபையார் ஏற்படுத்தினர். யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பது அன்றே குருக்களின் வேலைத் திட்டத்தை வகுத்திருக்கிறது என்று பொருள். பின்வந்த குருக்கள் குதிரையிலும் கூண்டு வண்டியிலும் சென்றனர். பிறகு மிதிவண்டி, பிறகு புல்லட், இப்பொழுது கார். வாகனம் உயர்ந்துகொண்டே போகிறது. கண்ணாடி ஏற்றப்பட்ட காரிலிருந்து பங்கு மக்களின் முகம் அவ்வளவாகத் தெரிவதில்லை. நாமும் கார் வைத்திருப்பவரே என்பதால் இதற்கு மேல் சொல்ல உரிமை இல்லை.

ஆனால் கிளைப்பங்குகளில் திருச்சபையை உண்மையில் சுமந்து சென்றது குருவின் வாகனம் அன்று, உபதேசியாரின் மிதிவண்டி. மந்திரம் கற்றுக்கொடுக்க, நோயில் கிடப்போரைப் பார்க்க, சாவுச் செய்தியைப் பங்குத்தந்தைக்குச் சொல்ல, செத்தவர் வீட்டில் செபமாலை சொல்ல என்று நாள்தோறும் பத்துப் பதினைந்து மைல் மிதித்தவர்கள் அவர்கள். காரியரில் ஞான உபதேசப் புத்தகமும், ஹேண்டில்பாரில் தொங்கும் துணிப்பையும் அவர்களுக்கு அடையாளம்.

1989 கோடை விடுமுறையில், குருமட மாணவராயிருந்த நம்மை ஒரு பங்கிற்கு உதவிக்கு அனுப்பியிருந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கிருந்த உபதேசியாருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பங்கு வாங்கிக்கொடுத்த பழைய ஹெர்குலிஸ் வண்டியில் நம்மைப் பின்னால் அமர்த்தி, கிளைக் கிராமங்களுக்கு அழைத்துச் செல்வார். ஆற்று மணலைக் கடக்கும்போது இருவரும் இறங்கித் தள்ளுவோம். மணலில் எவருடைய சக்கரமும் ஓடாது. அக்கரை ஏறிச் செம்மண் பாதையில் ஒரு கல் தொலைவு சென்றால் ஊர்த்தெரு. அங்கேயும் எல்லாரும் கிறிஸ்தவர்களே. தெருமுனை வந்ததும் உபதேசியார் இறங்கிவிடுவார். "காத்து கொறஞ்சிருக்கு பிரதர். நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க, நான் பின்னாலேயே நடந்து வந்துடறேன்" என்பார்.

முதல்நாள் நம்பினோம். மறுநாளும் அதே இடத்தில் காற்றுக் குறைந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் பம்பு வாங்கி நாமே இரு சக்கரங்களுக்கும் காற்றடித்துவிட்டு, கல் போலிருந்த டயரைக் கையால் அமுக்கியும் காட்டினோம். அவர் சிரித்தார். தெருமுனை வந்தது, இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. அவர் பிறந்தது ஏரிக்கரைக்கு அப்பாலிருந்த காலனியில். நாம் பிறந்தது அப்படி ஓர் ஊர்த்தெருவில். விளங்கிய பின்னும் நாம் செய்தது என்ன? வண்டியை வாங்கிக்கொண்டு, ஏறி, அந்தத் தெருவின் நடுவே ஓட்டிச் சென்றோம். வழியெங்கும் நமக்குத் தோத்திரம் சொன்னார்கள். கோயில் வாசலில் அவருக்காகக் காத்திருந்தோம். அவர் நடந்து வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தக் கோடை முழுதும், ஒவ்வொரு நாளும், அப்படியே நடந்தது. அதைப் பற்றி அவரிடமோ பங்குத்தந்தையிடமோ நாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சட்டம் இல்லாமல் அல்ல. தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது 1950-இல். அதை மீறுவோரைத் தண்டிக்கும் சட்டம் 1955-இல் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாம் சொல்லும் அதே 1989-இல் இயற்றப்பட்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1893-இல், திருவிதாங்கூரில் ஐயன்காளி வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் அதில் ஏறி அமர்ந்து போனார். வண்டியில் போவது அவருக்குச் சொகுசு அன்று. உபதேசியாருக்கும் வண்டி இருந்தது, சாலையும் இருந்தது. ஏறி உட்காரத்தான் முடியவில்லை.

திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் ஒரு சாலை வருகிறது. எருசலேமிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துக் காசாவுக்கு இறங்கும் சாலை. ஆள் நடமாட்டமற்றது என்று விவிலியமே சொல்கிறது. தேரில் வந்தவர் எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர். ஓடி வந்தவர் பிலிப்பு. வாசித்தது புரியவில்லை என்று ஒப்புக்கொண்ட அமைச்சர், ஏறி வந்து தம் அருகில் அமருமாறு பிலிப்பை வேண்டிக்கொண்டார். பின்னர்த் தண்ணீர் கண்ட இடத்தில் தேரை நிறுத்தி இருவருமே இறங்கினர். இப்பகுதியை மறையுரையில் பலமுறை நாம் விளக்கியிருக்கிறோம், திருமுழுக்கைப் பற்றி. யார் ஏறினார், யார் இறங்கினார் என்று கவனித்ததில்லை.

அந்த இளைஞர் தேடிப்போன மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். மூன்று ஜாகீர்தாரர்களின் கீழ் இருந்த அப்பகுதியை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது 1976-இல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை எங்கே, பேருந்து எங்கே என்று அரசைக் கேட்டது. மலைமேல் பல பாதைகளில் தொந்தரவு இல்லாததற்குக் காரணம், அங்கே பேருந்து போகாததே. தொஸ்கானாவில் சாலையைத் தாரிலிருந்து காப்பாற்றுகிறார்கள். இங்கே பிள்ளைபெறப் போகும் பெண்ணுக்காகத் தார் கேட்கிறார்கள். இரண்டும் நியாயமே. இளைஞர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. அவர்கள் மலைவழியில் கிடைத்த தேநீர்க் கடையில் இருந்தவர்களிடம் நம்மைக் காட்டிலும் நன்றாகப் பேசிவிட்டு வந்திருப்பார்கள்.

நல்லவையும் நடந்துள்ளன. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். ஊர் சிரித்தது, அவர்கள் ஓட்டினார்கள். 2001-2002-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கி, 2005-2006 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் எல்லாருக்கும் அதை விரிவாக்கியது. ஒரே நிறம், ஒரே வடிவம். எந்தத் தெருப் பிள்ளை என்று வண்டியைப் பார்த்துச் சொல்ல இயலாது. இதில் அரசு நமக்கு முந்திக்கொண்டது.

உபதேசியார் இறந்துவிட்டார். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவுக்கு அவ்வூர் சென்றிருந்தோம். மாலைப் பள்ளி விட்டதும் காலனிப் பெண்பிள்ளைகள் நால்வர், ஐவர் அதே தெருவில் கூட்டமாக மணியடித்துக்கொண்டு போனார்கள். யாரும் தடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. உபதேசியாரை அடக்கம் செய்ய எந்த வழியாகக் கொண்டுபோனீர்கள் என்று அவருடைய மகனைக் கேட்டோம். "ஏரிக்கரை வழியாத்தான் சாமி. சாவுக்கு இன்னும் அந்த வழிதான்" என்றார்.

இது ஓரூர்க் கதை அன்று. நம் மறைமாவட்டத்து எறையூரில் கோயிலையும் சாவு ஊர்வலம் செல்லும் பாதையையும் பற்றிய நெடுநாள் பிணக்கு 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. புதுவை-கடலூர் ஆயர்களும் இருந்த குழுவிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரிலேயே சாதி வேற்றுமை குறித்துக் கண்டிப்பாகப் பேசியிருந்தார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களுக்கான கொள்கையையே வெளியிட்டது. தாள்களுக்குக் குறைவில்லை.

நம் இப்போதைய பங்கிலும் கல்லறைக்கு இரண்டு வழிகள் உண்டு. வருகிற தவக்காலத்தின் முதல் வாரத்தில் பங்குப் பேரவை கூடுகிறது. அதற்கான அறிவிப்பில் இவ்வொன்றையே முதற்பொருளாக எழுதிக் கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டிய அன்று மாலையே ஒருமுறை கிழிக்கப்பட்டது, மறுபடி ஒட்டியிருக்கிறோம்.